ஞாயிறு காலை மூன்று மணி நேரம்: எண்ணூர்க் கரையில் எந்த வேலையைக் கையில் எடுப்பது?

எங்களிடம் இருப்பது பதினான்கு பேர், ஞாயிறு காலை மூன்று மணி நேரம், ஒரு பழைய லோடு ஆட்டோ. அந்த ஆட்டோவும் ஆடி மாதத்தில் கிடைக்காது. கூழ் ஊற்றும் சாமான் ஏற்றப் போய்விடும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை உள்ள குப்பங்களின் பையன்கள் ஆறு பேர், கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், மீன் விற்கும் அக்காக்கள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், அப்புறம் நான். கடலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. என்ன செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு திசை. மூன்று ஞாயிறு இதிலேயே போயிற்று.

கடைசியில் ஐந்து யோசனைகள் மிஞ்சின. கரையில் குப்பை பொறுக்குவது, ஆமை முட்டை தேடி இரவில் நடப்பது, கழிமுகத்தில் அலையாத்தி (உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் மரம்) நடுவது, தூக்கிப் போட்ட வலைகளைச் சேர்ப்பது, கரையில் நடப்பதை நாள்தோறும் நோட்டில் எழுதுவது. ஐந்தையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாமே என்றார் வாத்தியார். பதினான்கு பேரை ஐந்தாகப் பிரித்தால் ஒரு வேலைக்கு மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள். அதிலும் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவருக்குக் கல்யாணம் வரும். அந்தப் பேச்சை அன்றே விட்டோம். ஒன்றை எடுத்து ஒரு வருடம் விடாமல் செய்வது என்று முடிவானது. எந்த ஒன்று?

முதலில் எங்கள் கரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடற்கரைப் பாதுகாப்பு என்றதும் சென்னையில் எல்லார் மனதிலும் வருவது பெசன்ட் நகரும் நீலாங்கரையும்தான். அகலமான மணல், காலை நடைக்கு வருகிறவர்கள், ஒரே நிறத்தில் டீசர்ட் போட்ட மாணவர்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கிவந்து எங்கள் பக்கம் வைத்தால் உட்காராது. காரணம் மணல். இந்தக் கரையோரம் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அகலமானது அதனால்தான். வடக்கே ராயபுரம் தொடங்கி மேலே உள்ள கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை, கடல் வந்தது. வீடுகள் போயின. பிறகு கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவர்களாகத் தூண்டில் வளைவு போட்டார்கள். இன்றைக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, மறு பக்கம் பல இடங்களில் கருங்கல் குவியல், அதற்கு அப்பால் நேரே தண்ணீர். வளைவுகளுக்கு நடுவே மட்டும் கொஞ்சம் மணல் திட்டு. எந்த யோசனையை எடுத்தாலும் இந்தக் கல்லில் ஒரு தடவை மோதிப் பார்க்க வேண்டியிருந்தது.

குப்பை பொறுக்குவது எல்லாருக்கும் பிடித்த வேலை. கையுறையும் சாக்கும் போதும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. போட்டோ நன்றாக வரும். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கவே செய்கிறார்கள். அன்றைக்குக் கம்பெனிகளே ஆள் அனுப்பும், தொப்பியும் பிஸ்கட்டும் கிடைக்கும். நாங்களும் நான்கு வாரம் செய்து பார்த்தோம். முதல் வாரம் 11 சாக்கு, அடுத்த வாரம் அதே இடத்தில் 9. மழை பிடித்து வாடைக் காற்று வீசிய வாரம் 14. செருப்பு, தெர்மாக்கோல், மருந்து பாட்டில், பால் கவர், எந்த ஊரிலோ யாரோ வாங்கிய பொம்மையின் கால். ஆறும் கால்வாயும் நகரம் முழுவதையும் கழுவிக் கடலில் கொட்ட, கடல் அதைத் திருப்பி எங்கள் கல்லிடுக்கில் சொருகிவிட்டுப் போகிறது. மணல் கரையில் குனிந்து எடுக்கலாம். கல் கரையில் படுத்துக் கம்பி விட்டு இழுக்க வேண்டும். ஒரு பையனுக்கு முழங்கால் சிராய்த்து மூன்று தையல். கட்டி வைத்த சாக்குகளை எடுத்துப் போக வண்டி வருவதற்குள் நாய்கள் கிழித்துவிட்டன. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை உத்தரவு இன்னும் கல்லிடுக்கு வரை வந்து சேரவில்லை.

நான்காவது வாரம் மீன் விற்கும் அக்காக்களில் மூத்தவர் கேட்ட கேள்விதான் மற்ற எல்லா யோசனைக்கும் அளவுகோல் ஆனது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தம்பி, நீங்கோ ஒரு வாரம் வரலைன்னா இன்னா ஆவும்?” என்றார். ஒன்றும் ஆகாது, குப்பை அப்படியே கிடக்கும் என்றேன். “வந்தாலும் அப்படியேதானே கெடக்குது.” சிரித்துவிட்டோம். ஆனால் அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது.

ஆமை நடைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் நால்வரும் கை தூக்கினார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. சென்னையின் தெற்குக் கரையில் 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து இரவிரவாக நடக்கிறார்கள். ஜனவரியிலிருந்து சீசன். பங்குனி ஆமை மணலில் ஏறிக் குழி பறித்து நூறு முட்டைக்குப் பக்கமாக இட்டு மூடிவிட்டுப் போய்விடும். நாயும் மனிதனும் எடுப்பதற்கு முன் அந்த முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள், புரட்டாமல், அதிராமல் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் அது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண் அதிகம். இவ்வளவும் படித்துவிட்டு வந்துதான் பேசினார்கள். அந்தத் துடிப்பைப் பார்த்தபோது எனக்கே கை தூக்கலாமா என்று இருந்தது.

ஆனால் நடப்பது எங்கே? சிரமம் இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் நடக்கத் தொடர்ச்சியான மணல் எங்கள் பக்கம் இல்லை. வளைவுகளுக்கு இடையில் ஒரு திட்டு, அப்புறம் கல், அப்புறம் சாலை, மறுபடி ஒரு திட்டு. இரவு இரண்டு மணிக்கு லாரி ஓடுகிற சாலையோரம் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் நான் அவர் பக்கம். குஞ்சுகளோ வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். அடிவானத்து வெளுப்பைப் பார்த்துக் கடலுக்குள் இறங்குவதற்காக அமைந்த குணம் அது. இங்கே ஆலை விளக்கும் லாரி விளக்கும்தான் வெளிச்சம். போதாததற்கு, பங்குனி ஆமை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைக்கப்பட்ட உயிர். வனத்துறை அனுமதியும் பழகிய ஆளும் இல்லாமல் முட்டையில் கை வைப்பது நல்லெண்ணத்தில் செய்தாலும் குற்றம்தான். இதைத் தெரியாமல் உற்சாகத்தில் இறங்கும் குழுக்கள் உண்டு.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் செங்கல்பட்டுக் கரையிலும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை எல்லாரும் பார்த்தோம். ஆமைக்கு நுரையீரல்தான்; அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் வலை மேலே வரும்வரை அதுவும் மேலே வர முடியாது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கரை சேரும். முட்டையிடும் பருவத்துக்கு வர ஓர் ஆமைக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று தேறினால் பெரிது என்பார்கள். அப்படியானால் ஒரு தாய் ஆமை செத்தால் எத்தனை இரவு நடையின் பலன் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீட்டர் சுமாருக்குள், விசைப்படகு இழுவலை போடக் கூடாது. ஆமை தப்பிக்க வலையில் வைக்கும் கம்பிக்கூண்டு ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஏட்டில் இருக்கும் அளவுக்குக் கடலில் இல்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னதும் குப்பத்துப் பையன்களில் ஒருவன் எழுந்துவிட்டான். “அண்ணே, என் மாமா போட்லதான் போறாரு. அவர இன்னான்னு சொல்லப் போறீங்கோ?” யாரும் பேசவில்லை. அந்த மாமாவிடமே பிறகு போய்ப் பேசினோம். இறால் கிடக்கிற இடம் கரையோரம், டீசல் விற்கிற விலையில் வெளியே போய் வெறும் கையோடு திரும்பினால் கடன்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். ஆமை மாட்டினால் தனக்கும் நஷ்டம்தான், வலை கிழியும், மீன் நசுங்கும் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. ஆமையின் பெயரால் ஒரு வேலையைத் தொடங்கி முதல் மாதமே இந்த வீட்டோடு பகை வந்தால், எங்கள் பதினான்கில் ஆறு பேர் போய்விடுவார்கள். மிச்சம் இருக்கிற எட்டுப் பேருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?

அலையாத்தியை வேகமாக முடித்துவிடுகிறேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் வெண்கண்டல் இன்னும் இருக்கிறது. சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டும் வேர்களால் மூச்சு விடுகிற மரம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அந்த வேர்களில் தாரைப் போல ஒட்டிக்கொண்டது. கூழைக்கடாக்கள் சிறகில் கறுப்பு அப்பிக்கொண்டு நின்றதைக் கழிமுகத்துப் பையன்கள் படகிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால் வாத்தியாருக்கு ஆவேசம்: ஆயிரம் கன்று நடுவோம் என்றார்.

நடலாம்தான். ஆனால் கன்று இல்லாததா அங்கே குறை? வெண்கண்டல் விதை தானே மிதந்து வந்து ஒதுங்கும். உப்புத் தண்ணீர் ஏறி இறங்கினால் தானே முளைக்கும். அனல் மின் நிலையச் சாம்பலும் வண்டலும் அடைத்து ஓதம் ஏறாமல் போன இடத்தில் எத்தனை நட்டாலும் காயும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கெட்டுப்போன காட்டை மீட்டபோது முதலில் செய்தது, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓத நீரை உள்ளே விட்டதுதான். அதற்குப் பொக்லைனும் அரசு உத்தரவும் வேண்டும், பதினான்கு மண்வெட்டி போதாது. இன்னொன்று: காலியாகத் தெரியும் சேற்றுத் திட்டு காலி இடம் அல்ல. இருளர் பெண்கள் பிடித்ததைப் போடும் பையான பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இடம் அது. அங்கே நாம் போய்க் குச்சி நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால், அவர்கள் தொழில் செய்யும் இடத்தை வேலி போட்டு மறித்த மாதிரிதான். வனத்துறையும் அந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தால் கூடப் போய் நிற்பது என்ற அளவில் இதை வைத்துக்கொண்டோம். வாத்தியாருக்கு மனமில்லை.

வலை சேர்ப்பது வேறு மாதிரி. இந்த யோசனை பையன்களிடமிருந்து வந்தது, அதுவே பாதி பலம். பருத்தியும் சணலும் போய் நைலான் வந்ததிலிருந்து வலை மக்குவதில்லை. தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. கிழிந்து கடலில் விழுந்த துண்டு அங்கே கிடந்து மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். மாட்டிய மீனைத் தின்ன வரும் நண்டு மாட்டும், நண்டைத் தின்ன வருவதும் மாட்டும். ஆமை மாட்டினால் சாவுதான். எங்கள் தூண்டில் வளைவுக் கற்களில் அலை கொண்டுவந்து மாட்டிவிட்ட வலைகளில் காய்ந்த கடல்பாம்பை நானே பார்த்திருக்கிறேன்.

இதில் இரண்டு வசதி. ஒன்று காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலையைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். வருடம் முழுக்க எந்த வலை எங்கே போயிற்று என்று தெரியாது. அந்த 61 நாள் எல்லாம் தரையில் கிடக்கும். தேறாது என்று ஒதுக்கிய வலையை அப்போதே வாங்கிவிட்டால் அது கடலுக்குள் போகவே போகாது. இரண்டாவது, காசு. கைவிட்ட வலைகளை எடை போட்டு விலைக்கு எடுக்கும் மையம் ஒன்றை அரசே காசிமேட்டில் தொடங்கியது. கயிறு, மிதவை, ஈயக் குண்டு ஆகியவற்றை மீனவர்களே கழற்றி வைத்துக்கொள்வார்கள், அது அவர்களுக்கு மறுபடி உதவும். வெறும் வலைதான் நம் கைக்கு வரும். எடை போட்ட காசு வலைக்காரருக்கே போக வேண்டும் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். அதைப் பேசாமல் ஆரம்பித்த இன்னொரு குழு, வண்டிச் செலவு போக மிச்சம் யாருக்கு என்பதில் இரண்டாவது வாரமே உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறோம்.

குறையும் உண்டு. கடலுக்கு அடியில் பாறையில் மாட்டியிருக்கும் வலையை எடுக்க முக்குளிப்பவர்கள் வேண்டும். அந்த வேலையில் அமெச்சூர் ஆட்கள் இறங்கினால் வலையோடு சேர்த்து ஆளையும் தேட வேண்டி வரும். கல்லில் மாட்டியதை அறுப்பதும் லேசான வேலையில்லை, பிளேடு நழுவும். அப்புறம் ஜூன் 15-க்குப் பிறகு என்ன செய்வது? அக்காவின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

இனி நோட்டு. இந்த யோசனையைச் சொன்னபோது யாரும் கை தூக்கவில்லை. எழுதுவதா? அதற்கு எதற்குக் கடற்கரை, வீட்டிலேயே எழுதலாமே என்று ஒரு பையன் கிண்டல் செய்தான். எனக்கு அது தோன்றியதே வேறொரு சண்டையில்தான். கழிமுகத்தில் காக்கா ஆழி என்று ஒன்று பரவிக் கிடக்கிறது. மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி வந்து கொட்டும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து இறால் புதைய இடமில்லாமல் செய்கிறது, நடந்தால் காலைக் கிழிக்கிறது, மட்டியையும் பச்சை ஆழியையும் ஓரங்கட்டிவிட்டது. இது எப்போது வந்தது என்று ஒருநாள் பேச்சு வந்தது. வர்தா புயலுக்கு முன்னாடியே என்றான் ஒருவன். இல்லை, எண்ணெய் வந்ததற்கு அப்புறம் என்றான் இன்னொருவன். எந்த எண்ணெய் என்று கேட்டேன். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி வந்த எண்ணெயா, 2023-இல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயா? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வருடத்தைப் புயலாலும் எண்ணெயாலும் அடையாளம் வைத்துக்கொள்ளும் ஊராகிவிட்டோம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தினமும் அந்தத் தண்ணீரில் நிற்கிறவர்களிடம் எல்லா விவரமும் இருக்கிறது, தேதி மட்டும் இல்லை.

தேதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2006-ஆம் வருட சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பெரிய திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு கூட்டம் நடத்தியாக வேண்டும். மேடையில் கம்பெனிக்காரர் கையில் நானூறு பக்க அறிக்கை. கீழே நம் ஆள் மைக்கைப் பிடித்து, “முன்ன மாதிரி மீனு இல்லீங்க” என்பார். அவர் சொல்வது முழு உண்மை. பதிவில் ஒரே வரியாகப் போய்விடும். அதே ஆள் கையில், இந்தத் தேதியில் இந்தத் திட்டில் தண்ணீர் கறுப்பாக வந்தது, இத்தனை நாள் நின்றது, இத்தனை மடவை மீன் செத்து மிதந்தது, இதோ போட்டோ என்று மூன்று வருட நோட்டு இருந்தால் பேச்சின் எடையே வேறு. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கவும் தேதி வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது தேதிதான். 2011-ஆம் வருடக் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட கரையோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றது. அந்த நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்தாலும் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

நோட்டின் இன்னொரு வசதி, பகை குறைவு. செத்த ஆமை ஒதுங்கினால் தேதி, இடம், ஓட்டின் நீளம், கழுத்து வீங்கியிருக்கிறதா, அன்றைக்கு வெள்ளம், அதாவது கடலின் நீரோட்டம், வண்ணியா தெண்டியா. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வண்ணி, தெற்கிலிருந்து வந்தால் தெண்டி; அதைப் பொறுத்துத்தான் உடல் எங்கிருந்து வந்தது என்று யூகிக்க முடியும். எந்தப் பாடத்திலும் இது கிடையாது, பையன்கள் அலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மறுநாள் அதே ஆமையை இரண்டாவது தடவை எண்ணிவிடாமல் இருக்க, வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு ஓட்டில் பெயின்ட் கோடு போட வேண்டும். படகு நம்பரை மட்டும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். இது சரியா என்று கல்லூரிப் பெண் ஒருத்தி கடுமையாகவே கேட்டாள். சட்டத்தை மீறுகிறவரை மறைப்பது ஆகாதா என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்பர் எழுதத் தொடங்கிய அன்றைக்கு அந்த நோட்டு கடலில் கிடக்கும். நம்பர் பார்க்கவும் படகைப் பிடிக்கவும் சம்பளம் வாங்குகிற துறைகள் இருக்கின்றன. எங்கள் வேலை, எந்த மாதத்தில் எந்த இடத்தில் எத்தனை செத்தன என்று அவர்கள் மேசையில் வைப்பது.

இனி அக்காவின் கேள்வி. நாங்கள் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும்? குப்பை அப்படியே கிடக்கும். ஆமை நடை நின்றுவிடும். கன்று காயும். வலை அடுத்த சீசன் வரை போகும். நோட்டு மட்டும் நிற்காது, ஏனென்றால் அதை எழுதுகிறவர்கள் எப்படியும் தினமும் கரைக்கு வருகிறவர்கள். அக்கா விடியற்காலை நாலு மணிக்கு மீன் எடுக்கப் போகிறார். பையன்களில் மூன்று பேர் அந்த நேரத்துக்கு வலை போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். வாத்தியாருக்கு ஐந்து மணிக்கு மேல் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பது என்னைப் போல ஆபீஸ் போகிறவனுக்குத்தான். இதை உணர்ந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆகவே நோட்டை எடுத்தோம். வருடம் முழுக்க அதுதான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் ஞாயிறுகளில் வலை சேர்ப்பது. குப்பை பொறுக்குவது வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே இழுக்க. ஆமைக் கனவோடு இருக்கிற நால்வரும் சீசனில் தெற்குக் கரை நடையில் போய்ச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டு வரட்டும். எந்தத் திட்டில் ஆமை ஏறுகிறது என்று எங்கள் நோட்டே இரண்டு மூன்று வருடத்தில் சொன்னால், அதைக் காட்டி வனத்துறையிடம் அந்தத் திட்டுக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

எல்லாக் குழுவுக்கும் இதே விடை வராது. பழவேற்காட்டுப் பக்கம் நீண்ட மணல் கரை உள்ள ஊர் என்றால் நான் ஆமையைத்தான் முதலில் வைத்திருப்பேன். அங்கே ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு முறையில் ஊரே பேசி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அந்த மாதிரி ஊர்க்கட்டு உள்ள இடத்தில் முட்டைக் காவலையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ள முடியும். பள்ளிக்கூடக் குழு என்றால் குப்பைதான் சரி. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்தால்தான் வீட்டில் போய்ப் பேசுவார்கள். கழிமுகத்து ஊர்க்காரர்களே வாய்க்கால் வெட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தால் அலையாத்தியை எடுங்கள், ஆனால் மண்வெட்டிக்கு முன்னால் மனுவை எடுங்கள். எண்ணெய் மாதிரி அவசரம் வந்தால் மட்டும் எந்தக் குழுவும் வெறுங்கையோடு இறங்க வேண்டாம். 2017-இல் வாளியும் குவளையும் வைத்து அள்ளிய கைகளை இந்த ஊர் பார்த்திருக்கிறது. கடலில் கசிவைப் பார்த்தால் கடலோரக் காவல் படைக்கு 1554.

நோட்டு இப்போது ஐஸ் கடையில் ஆணியில் தொங்குகிறது, பிளாஸ்டிக் கவருக்குள். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், இல்லாவிட்டால் போய்விடும். தேதி, நேரம், இடம், காற்று, வெள்ளம், தண்ணீரின் நிறம், செத்தது, உயிரோடு பார்த்தது, யார் பார்த்தது என்று ஒன்பது கட்டம் போட்டிருந்தோம். எழுதத் தெரியாதவர்கள் ஐஸ் கடைக்காரரிடம் சொன்னால் அவர் எழுதுவார். இரண்டாவது வாரம் மூத்த அக்கா அதைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நாத்தத்துக்கு எங்க தம்பி எடம்?” என்றார். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்துக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, முதலில் தெரிந்தது மூக்குக்குத்தான். ஸ்கேலை வாங்கி, கடைசியில் ஒரு கோடு இழுத்தேன். பத்தாவது கட்டம்: வாசனை. அக்கா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்; முதல் பதிவு, “காலை 4.20, அழுகின முட்டை மாதிரி, ஆத்துப் பக்கத்துலேர்ந்து”.